காலி என்று ஒரு பெட்டி

எட்டு மாதம் பெட்டி நகர்த்தினேன். லாரி ஷெட்டில் நகர்த்தியிருந்தால் உடம்பாவது இறுகியிருக்கும். நான் நகர்த்தியதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் என்பதால் கழுத்து மட்டும் இறுகியது.

சென்னையில் லாட்ஜுகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு சின்ன கம்பெனி. அதற்கு நான் திருவண்ணாமலையில் என் வீட்டுப் பின்னறையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். மெஷின் சுற்றும்போது என் மேஜையும் சேர்ந்து நடுங்கும். கூட்டங்களில் என் முகம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, சார் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஒரு பேச்சு கம்பெனியில் உண்டு.

எனக்குக் கொடுத்த வேலைக்கு டேஷ்போர்டு என்று பெயர். லாட்ஜ்காரர் காலையில் திறந்ததும் முதலில் வந்து நிற்கும் பக்கம் அது. அதில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். எத்தனை ரூம் போயிருக்கிறது, யார் யார் இன்று கிளம்புகிறார்கள், தண்ணீர் லாரி வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அவரவர் விருப்பம்போல் பெட்டியை இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம், பெரிதாக்கலாம், பிடிக்காததைத் தூக்கிப் போடலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். ‘உங்கள் பலகை, உங்கள் இஷ்டம்’ என்று விளம்பர வாசகம்கூட நான்தான் எழுதினேன். கம்பெனியில் தமிழ் நன்றாகத் தெரிந்தவன் நான் என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமை என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு பெட்டியை நடுவில் நுழைத்தால் மற்றப் பெட்டிகள் ஒதுங்கி வழிவிட வேண்டும். பொது தரிசன வரிசையில் ஒருவர் நடுவில் நுழைந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ, அதையேதான் என் பெட்டிகளும் செய்தன. ஒன்று கூட ஒதுங்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒருநாள் ஒரு பெட்டி இன்னொன்றின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. மூன்று நாள் தேடினேன். பின்னால் வந்து நின்று இதைப் பார்த்த என் மனைவி சொன்னாள்:

“ஆறு மாசமா சோபாவ ஒரு ஓரமா நகத்துங்கன்னு சொல்றேன். இங்க யாரு வீட்டு சாமானையோ நகத்திக்கினு இருக்கீங்க.”

சோபா இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

இந்தப் பெட்டிச் சண்டைகளுக்கு நடுவே ஒரு மத்தியானம், மெஷின் சுற்றி முடிக்கட்டும் என்று காத்திருந்த நேரத்தில், ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் கடுகளவு ஒரு பென்சில் படம் வைத்தேன். அதைத் தொட்டால் பெட்டியின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. மெஷின் நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. துணி காயப் போடும்போது அதை மறந்தும்விட்டேன்.

எட்டாவது மாதக் கடைசியில் சென்னையிலிருந்து மேலாளர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை மரியாதையாக ‘சார்’ என்று அழைத்துத்தான் கெட்ட செய்திகளைச் சொல்வார்.

“சார், டெமோல எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்றாங்க. ஆனா ஒருத்தரும் ஒரு பெட்டியக்கூட நகத்தல. யாரு எதைத் தொட்டாலும் பதிவாகுற லாக்ல பார்த்தேன், சுத்தமா ஒண்ணுமில்ல.”

“பழகணும் மேடம்.”

“உங்க ஊர் லாட்ஜ் ஒண்ணு ட்ரையலுக்கு ஒத்துக்கிட்டாங்க இல்ல? இந்த பௌர்ணமி ரெண்டு நாளும் அங்க போய் உக்காருங்க. அவங்க ஆளு யாராவது தானா, தன் கையால, பலகைல ஏதாவது ஒண்ணை மாத்தணும். ஒரே ஒரு மாத்தம் போதும் சார். நீங்க தொடக் கூடாது. மாத்தலன்னா இந்த ப்ராஜெக்ட்டை மூடிடலாம்.”

“மூடிட்டா நான்?”

“உங்களுக்கு இங்க சீட் ரெடியா இருக்கு சார்” என்றார், ஏதோ பரிசு அறிவிப்பதுபோல.

அந்த சீட்டை எனக்குத் தெரியும். மூன்று வருஷம் அதில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறி, வெள்ளி ராத்திரி திரும்பி, சனிக்கிழமை முழுக்கத் தூங்கி, ஞாயிறு மறுபடி பஸ் ஏறிய வாழ்க்கை. அந்த மூன்று வருஷத்தில் என் மனைவியை நான் அதிகம் பார்த்தது போன் திரையில்தான். அவளுக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. அவளால் வர முடியாது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இன்னொரு முறை பஸ் சீட்டில் கழுத்தைச் சாய்த்துத் தூங்கிப் பழகும் தெம்பு என்னிடம் இல்லை. ஆக, யாரோ ஒருவர் ஒரு விரலால் ஒரு பெட்டியை ஒரு அங்குலம் நகர்த்துவதில் என் குடும்பம் இருந்தது.

லாட்ஜ் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. முப்பது ரூம், கீழே மெஸ். ரிசப்ஷனில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. ரூம் சாவி, மெஸ் டோக்கன், தொலைந்துபோன செருப்பு எல்லாமே அவர் பொறுப்பு. பௌர்ணமிக்கு முந்தின நாள் அவர் மேஜையில் ஒரு டேப்லெட்டும், மெஸ் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு டேப்லெட்டும் வைத்தேன். இரண்டிலும் ஒரே பலகை தெரியும்.

“இதுதான்க்கா டேஷ்போர்டு.”

“டேஷ்போர்டுன்னா கார்ல இருக்குமே, புள்ளையார் ஒட்டுவாங்களே, அதுவா?”

“கிட்டத்தட்ட அதான்க்கா.”

“இதுல புள்ளையாரக் காணோமே?”

எட்டு மாதத்தில் நாற்பது விதப் பெட்டி செய்த எனக்குப் பிள்ளையாருக்கு ஒரு பெட்டி செய்யத் தோன்றவில்லை. குறித்துக்கொண்டேன். பிறகு, உங்கள் வசதிக்கு எந்தப் பெட்டியை எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆசையாகச் சொன்னேன்.

“நீயே ஒழுங்கா வெச்சிக் குடுத்துடு தம்பி. எனக்கு எதுவா இருந்தாலும் சரி.”

“நான் தொடக் கூடாதுக்கா.”

“ஏன், மாலை போட்டிருக்கியா?”

பௌர்ணமி அன்றைக்கு விடியற்காலையிலேயே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. ஆறு மணிக்குப் போய் ரிசப்ஷன் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆட்கள் வந்தார்கள், சாவி வாங்கினார்கள், போனார்கள். அக்கா பலகையைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். நன்றாகவே பயன்படுத்தினார், ஆனால் ஒரு பெட்டியைக்கூட நகர்த்தவில்லை. தண்ணீர் லாரிப் பெட்டி ரூம் பெட்டியைப் பாதி மறைத்தாற்போல் பெரிதாக நின்றது. வேண்டுமென்றே நான் அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தேன், எரிச்சலிலாவது நகர்த்துவார் என்று. அக்கா தலையைச் சாய்த்து அந்தப் பக்கமாகப் படித்துக்கொண்டார். நம் ஜனங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. பொறுமை இருக்கிற ஊரில் என் மாதிரி ஆளுக்கு வேலை கம்மி.

பதினொன்றரைக்கு மெஸ்ஸில் சாப்பாடு ஆரம்பித்தது. மெஸ் மாஸ்டர் அரை மணிக்கு ஒருமுறை சாப்பாட்டுக் கணக்கைத் தன் டேப்லெட்டில் தட்டுவார். அது அக்கா பலகையில் தெரியும். அதைப் பார்த்து அக்கா டோக்கன் கொடுப்பார். ஏற்பாடு அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு அக்காவின் பலகையில் சாப்பாட்டுப் பெட்டி சிவப்பானது.

‘சாப்பாடு காலி: 20’.

“இன்னா இது, ஆரம்பிக்கும்போதே இருவதுதானா?” என்று அலுத்துக்கொண்ட அக்கா, சாப்பாடு கேட்டு வந்த ஒரு குடும்பத்தைப் பக்கத்து மெஸ்ஸுக்கு அனுப்பினார். அடுத்து வந்தவர்களையும் அனுப்பினார். பன்னிரண்டரைக்குப் பெட்டி பச்சையானது. ‘சாப்பாடு காலி: 70’. ஒரு மணிக்கு இன்னும் பச்சை. ‘சாப்பாடு காலி: 130’.

“பரவால்ல, மாஸ்டர் மேல மேல ஆக்கிக்கினே இருக்காரு” என்றார் அக்கா சந்தோஷமாக. எனக்கும் சந்தோஷம். பெட்டி அழகாக நிறம் மாறியது. அந்த நிறத்துக்கு நான் ஒரு வாரம் செலவழித்திருக்கிறேன்.

ஒன்றரை மணிக்கு ஓசூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பஸ் குழுவின் தலைவர் போன் செய்தார். ஐம்பத்து நான்கு பேர், கிரிவலம் முடிக்கப்போகிறார்கள், சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார். அக்கா பலகையைப் பார்த்தார். ‘சாப்பாடு காலி: 160’.

“தாராளமா வாங்க சார்” என்றார்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு, மலையைச் சுற்றி வெறுங்காலோடு நடந்து, வெயிலில் வெந்து, ஐம்பத்து நான்கு பேரும் மெஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்தார்கள். சமையலறைக்குள்ளே மாஸ்டர் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னா, யாரு இவங்கள்லாம்?”

“சாப்பாட்டுக்கு வந்தவங்க மாஸ்டர்” என்றார் அக்கா.

“சாப்பாடுதான் காலியாச்சே! அரை மணிக்கு ஒருக்கா போட்டுக்கினேதானே இருந்தேன்? இருவது காலி, எழுவது காலி, நூத்தி அறுவது காலி. ஆக்குனதே நூத்தி அறுவதுதான்.”

அக்கா மெதுவாகத் திரும்பி டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. என் காதுக்குள் துணி மெஷின் சுற்றுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

நான் சோம்பேறி. ரூமுக்கு ஒரு பெட்டி செய்தேன்: மொத்த ரூமில் போனது போக மீதி எவ்வளவு. அதற்கு ‘ரூம் காலி’ என்று பெயர் வைத்தேன். யாரைக் கேட்டாலும் சரி என்பார்கள். சாப்பாட்டுக்கும் அதே கணக்குத்தானே என்று அதே பெட்டியைப் பிரதி எடுத்து, ‘சாப்பாடு காலி’ என்று பெயர் போட்டேன். தமிழ் நன்றாகத் தெரிந்தவன் அல்லவா! ரூம் காலி என்றால் வாங்க, இருக்கிறது. சாப்பாடு காலி என்றால் போங்க, தீர்ந்துவிட்டது. இது இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எட்டு மாதத்தில் அந்தப் பலகையை இடது கையால் இழுத்துப் பார்த்தேன், மெதுவான இன்டர்நெட்டில் திறந்து பார்த்தேன், பழைய போனில் தலைகீழாகப் பார்த்தேன். அதிலிருந்த வார்த்தையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. மாஸ்டர் தீரத் தீர எண்ணைக் கூட்டினார். எண் கூடக் கூட என் பெட்டி பச்சையாகச் சிரித்தது. சாப்பாடு நிறைய இருந்தபோது அக்கா ஆட்களைத் திருப்பி அனுப்பினார். ஒரு பருக்கை இல்லாதபோது ஐம்பத்து நான்கு பேரை வரச் சொன்னார்.

“காலின்னா தீந்துபோச்சுன்னுதானே அர்த்தம்?” என்று மாஸ்டர் கரண்டியோடு வந்தார்.

“அப்ப ரூம் காலின்னா? ரூம் தீந்துபோச்சா?” என்றார் அக்கா.

“ரூம் வேற, சோறு வேற!”

“அது உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. இந்தத் தம்பிக்குத் தெரியலையே!”

ஓசூர்க் குழுவின் தலைவர், வெள்ளை மீசைக்காரர், எழுந்து வந்தார். “சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம்ங்க. எங்க வயிறு காலியா இருக்கு. அதுக்கு வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?”

மீசையைத் தடவிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

“போன் பண்ண எடத்துலேர்ந்து இங்க வரைக்கும் அன்னதானம். புளிசாதம், தயிர்சாதம், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தாங்க. லாட்ஜ்ல சொல்லியிருக்கோம், வீணாகிடும்னு ஒரு தொன்னைகூட வாங்கல நாங்க.”

இதற்கு அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. ஊரே கூப்பிட்டுச் சோறு போடும் ஒரு நாளில் ஐம்பத்து நான்கு பேரைப் பட்டினி போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இந்த விஷயம் சென்னைக்குத் தெரிந்தால் சீட் ரெடி. பேச்சு பாஷையில் சொன்னால், நான் காலி. இந்தக் காலிக்கு மட்டும் இரண்டு அர்த்தம் இல்லை.

மாஸ்டர்தான் முதலில் அசைந்தார். “ரவை இருக்கு. முப்பது நிமிஷம் குடுங்க. வெங்காயம் போடல, கிரிவலம் வந்தவங்க. இஞ்சி, பச்சமொளகா போட்டு உப்புமா கிண்டறேன். தம்பி, நீ இன்னாத்துக்கு நிக்கிற? மொளகா நறுக்கு.”

நறுக்கினேன். நறுக்கிய கையால் கண்ணைத் துடைத்தேன். அதன்பிறகு என் கண்ணீருக்குக் காரணம் எது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். அடுத்து இலை போடும் வேலை. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகப் போட்டுக்கொண்டே போனேன். ஒரு வரிசை முழுக்க நுனி வலது பக்கம். முதல் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டையா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு விரலால் இலையைத் திருப்பி நுனியை இடது பக்கம் வைத்துக்கொண்டார். அடுத்தவரும் திருப்பினார். வரிசை முழுக்க ஒவ்வொருவராகத் திருப்பிக்கொண்டார்கள். தனக்கு முன்னால் இருப்பதை ஒரு மனிதர் தன் கையால் தன் முறைப்படி மாற்றி வைத்துக்கொள்வதை எட்டு மாதத்தில் அன்றுதான் நேரில் பார்த்தேன். ஆனால் அது லாக்கில் ஏறாது.

உப்புமா வந்தது. சாப்பிட்டார்கள். மீசைக்காரர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். போகும்போது என் தோளைத் தட்டி, “உப்புமா காலி. தீந்துபோச்சுங்கிற அர்த்தத்துல சொல்றேன், தம்பி குழம்பிடாதே” என்றார். ஓசூர்வரை அவர்கள் பஸ்ஸில் என்ன பேசிச் சிரித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து விழுந்தேன். அக்கா கோபம் தணியாமல் டேப்லெட்டை மடியில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, திரையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இது இன்னா தம்பி, மூலையில எறும்பு மாதிரி?”

“பென்சில்க்கா. தொட்டா பேர் மாத்தலாம்.”

“இத எப்ப சொல்ற நீ! ஊர்க் கதையெல்லாம் சொன்னே, இழு, பெருசாக்கு, சின்னதாக்குன்னு. இதச் சொன்னியா?”

சொல்லவில்லை. மறந்துபோயிருந்தேன். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். தொடக் கூடாது. அக்கா, தன் தங்கைகளுக்கு வாட்ஸாப்பில் பக்கம் பக்கமாக அடிக்கும் வேகத்தில் அடித்தார். ரூம் பெட்டியில் ‘ரூம் இருக்கு’. சாப்பாட்டுப் பெட்டியில் ‘சாப்பாடு தீந்துச்சு’.

“மாஸ்டர மாத்த முடியாது. அவரு தீந்ததத்தான் எண்ணுவாரு. பேர மாத்தலாம் இல்ல?” என்றார். “அந்தப் பச்சையையும் மாத்து. சோறு தீந்ததுக்கு எவனாவது பச்சைக்கொடி காட்டுவானா?”

நாலு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். குரலில் அபூர்வமான உற்சாகம்.

“சார், லாக்ல வந்துடுச்சு! ரெண்டு பெட்டிக்குப் பேர் மாத்தியிருக்காங்க. நீங்க தொடலையே?”

“இல்ல மேடம். மொளகாக் கை.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“எதுக்குப் பேர் மாத்தினாங்க?”

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ‘அவங்க ரசனை மேடம்’ என்றால் முடிந்தது. ஆனால் பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இருபது, எழுபது, நூற்று அறுபது, ஓசூர், உப்புமா எல்லாவற்றையும் சொன்னேன். இலை விஷயத்தைக்கூடச் சொன்னேன். அந்தப் பக்கம் போன் மேஜையில் தட்டும் சத்தம் கேட்டது. போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

“இழுக்கறது யாராவது செஞ்சாங்களா சார்?”

“இல்ல மேடம். தலையச் சாய்ச்சிப் படிச்சாங்க. இழுக்கல.”

“அப்ப அத எடுத்துடுங்க. பென்சில மட்டும் கண்ணுக்குத் தெரியற மாதிரி பெருசா வைங்க.”

“சென்னைக்கு எப்ப வரணும்?”

“இங்க எதுக்கு சார்? இங்க உக்காந்து நாங்க எல்லாரும் அந்தக் காலியப் பார்த்தோம், ஒருத்தருக்கும் தெரியல. நீங்க அங்கயே இருங்க. தப்பு அங்கதான் தெரியுது.”

என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது: தப்பு இவர் இருக்கும் இடத்தில் தெரியும்.

மறுநாள் பின்னறையில் உட்கார்ந்து, பெட்டியை இழுப்பதற்காக எட்டு மாதம் எழுதியதைக் கழற்றி எடுத்தேன். துணி மெஷின் ஒரு தடவை சுற்றி முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. துணி வெளுக்கும் நேரத்தில் செய்த பென்சில் நின்றது. துணி வெளுக்கும் நேரத்தில் மற்றதெல்லாம் அழிந்தது. கொஞ்சம் துக்கமாக இருந்தது என்று சொல்லலாம். களைப்பில் சரியாகத் தெரியவில்லை. நான் சென்னை போக வேண்டியதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமல், “அப்ப அந்த சோபா?” என்றாள். சிவப்பு மையால் அந்தத் தாளில் போட்ட மார்க்கை இரண்டு தடவை அடித்துத் திருத்தினாள் என்பதையும் கவனித்தேன்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பலகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். முதல் பெட்டிக்குப் ‘பிள்ளையார் துணை’ என்று பெயர் மாறியிருந்தது. பழைய தண்ணீர் லாரிப் பெட்டி அது, உள்ளே இன்னமும் ‘லாரி வரவில்லை’ என்று எழுதியிருந்தது. ரூம் இருக்கு. சாப்பாடு தீந்துச்சு. அதற்குக் கீழே புதிதாக ஒரு பெட்டி சேர்த்து, எண்ணையும் தானே போட்டிருந்தார்:

‘கம்ப்யூட்டர் தம்பி இருக்கு: 1’.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் இருந்த களைப்புக்கு ஒன்று என்பதே கொஞ்சம் ஜாஸ்தி.